நின்று கெட்ட வண்டி: பழைய தீயணைப்பு வண்டியைச் சொந்தமாக வாங்கினால்

ராணிப்பேட்டைப் பக்கம், உற்பத்தியை நிறுத்திவிட்ட ஒரு தொழிற்சாலையின் பின்புற ஷெட்டில் அந்த வண்டி நின்றது. நிழல் பட்ட பக்கம் சிவப்பு, வெயில் பட்ட பக்கம் பழைய செங்கல் நிறம். கிலோமீட்டர் மீட்டரில் எண் பதினோராயிரத்தைக்கூடத் தொடவில்லை. கே.வி.குப்பத்துக்கு அருகே மாந்தோப்பு வைத்திருக்கும் என் நண்பருக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “இருபது வருஷத்துல இவ்வளவுதான் ஓடியிருக்கா? புது வண்டி மாதிரிதானே?” என்றார். கூட வந்திருந்த லாரி மெக்கானிக் பாய் டயரை ஒரு உதை விட்டுவிட்டுச் சொன்னார்: “சார், இது ஓடிக் கெட்ட வண்டி இல்ல. நின்னு கெட்ட வண்டி.”

தீயணைப்பு வண்டி என்று நாம் சொல்வது ஒரு லாரி, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பம்ப் ஆகிய மூன்றும் ஒன்றாகப் பூட்டப்பட்ட சாமான். மூன்றுக்கும் வயதாகும் விதம் வேறு. லாரிக்காரர்கள் கண்ணால் பார்த்து எடை போடுவது முதலாவதை மட்டும்தான். பழைய இரும்பு வியாபாரி மூன்றையும் எடை மேடையில் ஏற்றி ஒரே விலை சொல்லிவிடுவார். வாங்கி வைத்துக்கொள்ள நினைப்பவர் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது காகிதம்.

காகிதத்தில்தான் பலருடைய ஆசை முதல் நாளே முடிந்துவிடுகிறது. முன்பெல்லாம் அரசுத் துறைகள் கண்டம் செய்த (இனி உதவாது என்று கழித்த) வண்டிகளை ஏலம் விடும்போது யார் வேண்டுமானாலும் முன்பணம் கட்டிக் கலந்துகொள்ளலாம். 2023 ஏப்ரல் 1 முதல் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் அந்த ஆண்டு சேர்ந்த 52ஏ என்ற விதிப்படி, மத்திய மாநில அரசுகள், உள்ளாட்சி அமைப்புகள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் வண்டிகளுக்கு முதல் பதிவிலிருந்து 15 ஆண்டு முடிந்தால் பதிவும் முடிந்தது, புதுப்பிக்க வழியில்லை. அந்த வண்டி 2021ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். நாட்டின் பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்கும் பயன்படும் சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆக, நம் ஊர் தீயணைப்பு நிலையத்தில் சின்ன வயதில் நாம் வாய் பிளந்து பார்த்த வண்டி 15 வயதைக் கடந்தால் நம் வீட்டு வாசலுக்கு ஓடி வராது. துண்டு துண்டாகத்தான் வெளியே வரும்.

மிச்சம் இருப்பது தனியார் கம்பெனிகள் தங்கள் வளாகத்துக்கென்று வாங்கி வைத்த வண்டிகள். பெரிய ரசாயனத் தொழிற்சாலை, தனியார் துறைமுகம், ஆலை போன்ற இடங்களில் இருப்பவை. இவற்றுக்கு 52ஏ பொருந்தாது. ஆனால் இங்கே வேறொரு சிக்கல். வளாகத்தை விட்டு வெளியே போகாத வண்டிதானே என்று எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டாமல், இன்சூரன்ஸ் கட்டாமல் வருஷக்கணக்கில் விட்டிருப்பார்கள். சில சமயம் ஆர்.சி. புத்தகமே கிடைக்காது. நாங்கள் பார்த்த வண்டியில் புத்தகம் இருந்தது, எஃப்.சி. ஆறு வருஷத்துக்கு முன்னால் காலாவதி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று துருவைச் சுரண்டித்தான் படிக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்து நிமிஷச் சுரண்டலைத் தவிர்த்துவிட்டு யாரும் முன்பணம் கொடுக்கக் கூடாது.

யூடியூபில் அமெரிக்கக்காரர் ஒருவர் பழைய தீயணைப்பு வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிடப் போவதைப் பார்த்துத்தான் நம்மவர்களுக்கு இந்த ஆசை வருகிறது. அங்கே கதை வேறு. பழைய தீயணைப்பு வண்டிப் பிரியர்களுக்கென்று 1958லேயே தேசிய அளவில் சங்கம் தொடங்கிவிட்டார்கள். பிரிட்டனில் 1950களில் கட்டிய ‘கிரீன் காடஸ்’ என்ற பச்சை வண்டிகளை அரசே பல பத்தாண்டுகள் கிடங்கில் வைத்திருந்து, 1977லும் 2002லும் தீயணைப்பு வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ராணுவத்தை வைத்து ஓட்டியது. பிறகு விற்றுவிட்டது, தனியார் கைக்கும் போனது. இந்தியாவிலும் 2021இல் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி வந்தது. 50 வயது கடந்திருக்க வேண்டும், மூல வடிவம் மாறியிருக்கக் கூடாது, பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். படித்ததும் நண்பருக்கு உற்சாகம். ஆனால் அது இருசக்கர வண்டிகளுக்கும் கார் வகைக்கும் மட்டும்தான். லாரி சேஸிஸின் மேல் கட்டிய வண்டி நூறு வயதானாலும் அந்தப் பட்டியலில் வராது.

சரி, எஃப்.சி.க்கு வருவோம். மத்திய அரசின் 2004ஆம் ஆண்டு அறிவிக்கை தீயணைப்பு வண்டியைப் போக்குவரத்து வாகன வகையில் வைத்திருக்கிறது. வாடகைக்கு விடாவிட்டாலும் அப்படித்தான். எட்டு ஆண்டு கடந்துவிட்டால் வருஷா வருஷம் எஃப்.சி. சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். 15 ஆண்டு கடந்த கனரக வண்டிக்கு எஃப்.சி. கட்டணத்தை 2022 ஏப்ரலில் 12,500 ரூபாயாக உயர்த்தினார்கள். போகும் முன் அன்றைய கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுபவரிடம் கனரக உரிமம் வேண்டும். காருக்கான உரிமம் எடுத்து ஓராண்டாவது ஆகாமல் அதற்குப் பழகுநர் உரிமம்கூடக் கிடைக்காது. தோப்புக்குத் தண்ணீர் அடிக்கத்தானே என்று ஏணியையும் பம்ப்பையும் கழற்றித் தண்ணீர் லாரியாக மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி அனுமதி வாங்கிப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும்.

சுழல் விளக்கும் சைரனும் எல்லோருக்கும் பிடித்த பகுதி. முதலில் கழற்ற வேண்டியதும் அவைதான். சிவப்பு, நீலம், வெள்ளை கலந்த விளக்கு அவசரப் பணி வண்டிகளுக்கு மட்டும். பல சுருதியில் ஊதும் ஒலிப்பானும் அப்படித்தான். இதில் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 2019 திருத்தத்தில் வந்த 194இ பிரிவுப்படி, தீயணைப்பு வண்டிக்கோ ஆம்புலன்ஸுக்கோ வழி விடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். மாந்தோப்புக்குப் போகும் வண்டிக்காக ஒருவரை அந்தப் பயத்தில் ஒதுங்க வைப்பது நியாயம் இல்லை. வண்டியின் மேல் எழுதியிருக்கும் ‘தீயணைப்பு’ என்ற சொல்லையும் அழித்துவிடுவது நல்லது. சிவப்பு நிறம் இருக்கட்டும். விதிகள் ராணுவத்துக்கென்று ஒதுக்கியிருப்பது ஆலிவ் பச்சையைத்தான். அதைத் தனியார் வண்டிக்கு அடிக்கக் கூடாது.

இனி இரும்பு. சாதாரண லாரி சரக்கை ஏற்றும், இறக்கும். அதன் பாரம் தாங்கும் வில்லான கமான் பட்டை அமுங்கும், நிமிரும். தீயணைப்பு வண்டி 24 மணி நேரமும் தொட்டி நிறையத் தண்ணீரோடு நிற்கும். 4,500 லிட்டர் என்றால் நாலரை டன். ஓடாமலே பாரம் சுமந்த பட்டை கொஞ்சம் கொஞ்சமாக வளைவை இழந்துவிடும். வண்டிக்குப் பின்னால் இருபதடி தள்ளி நின்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பட்டை விழுந்துவிட்டது. மேல் பூச்சைவிட அதைச் சரி செய்யத்தான் பணம் தேவைப்படும்.

டயரும் அதே கதைதான். பாய் உதைத்த டயரில் பள்ளம் அப்படியே ஆழமாக இருந்தது, பக்கவாட்டில் மட்டும் நுண்ணிய வெடிப்பு. அங்கே நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருஷம். 1809 என்றிருந்தால் 2009ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்தது. தேயாத டயர் என்று ஏமாந்து நெடுஞ்சாலையில் ஏற்றினால், வேலூரின் மே மாத வெயிலில் தார்ச் சூடு அதைப் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரைகூட விடாது. ஆறு டயரையும் மாற்றும் செலவை வண்டி விலையோடு சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். ஏர் பிரேக்கின் ரப்பர் டயாஃப்ராம், டீசல் குழாய், ரேடியேட்டர் குழாய் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது.

கிலோமீட்டர் எண்ணை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பம்ப் ஓடுவது வண்டியின் எஞ்சினில்தான். கியர் பாக்ஸிலிருந்து பி.டி.ஓ. என்ற இணைப்பு வழியாகச் சக்தி பம்ப்புக்குப் போகும். வண்டி ஓரிடத்தில் நிற்க, எஞ்சின் மட்டும் முழு வேகத்தில் மணிக்கணக்கில் உழைக்கும். அந்த உழைப்பு கிலோமீட்டரில் ஏறாது. மணி நேரம் காட்டும் மீட்டர் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் பம்ப் இயக்கிய பதிவேடு கேளுங்கள். கம்பெனிகளில் வாராவாரம் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. நோட்டு எங்காவது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கிடக்கும்.

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் வேலூரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு. ஜலகண்டேஸ்வரர் 1981இல் கோட்டைக்குள் திரும்பிவிட்டதால் மூன்றாவது பொய்யாகிவிட்டது. முதலாவதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: இருக்கிற நிலத்தடி நீரும் பல இடங்களில் உப்பு. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்ன தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கைக்காக இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. அந்த உப்புக்கும் இந்த வண்டிக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து போர்வெல் தண்ணீரை நிரப்பி வைத்திருந்த இரும்புத் தொட்டி உள்ளிருந்தே தின்னப்பட்டிருக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும்.

பாய் ஒரு சின்ன சுத்தியலை எடுத்துத் தொட்டியின் அடி ஓரமாகத் தட்டிக்கொண்டே போனார். கணீர், கணீர் என்று வந்த சத்தம், பின் சக்கரத்துக்கு மேலே ஒரு முழம் தூரத்துக்குச் சொத், சொத் என்று இறங்கியது. அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார். தகடு மாற்ற வேண்டிய இடம் அதுதான். உள்ளே இறங்கிப் பார்க்கிறேன் என்று நண்பர் மேல் மூடியைத் திறந்தபோது பாய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். அது சரியான காரியம். நெடுநாள் மூடிக் கிடந்த தொட்டியில் துருப்பிடித்தலே காற்றின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். இறங்கிய ஆள் சத்தமில்லாமல் மயங்குவார். டார்ச் அடித்து வெளியிலிருந்தே பாருங்கள். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் காற்று செலுத்தி, சோதித்து, மேலே ஆள் வைத்துக்கொண்டு.

தொட்டிக்குள் குறுக்கே தடுப்புத் தகடுகள் இருக்கும். வண்டி திரும்பும்போது தண்ணீர் மொத்தமாக ஒரு பக்கம் மோதாமல் அவை பிடித்துக்கொள்ளும். துருவில் அவை கழன்றிருந்தால் பாதி நிரம்பிய தொட்டி முழுத் தொட்டியைவிடப் பொல்லாதது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அப்படி ஒரு வண்டியை ஓட்ட நான் சம்மதிக்க மாட்டேன். ஓட்டினால் முழுசாக நிரப்பி ஓட்டுங்கள், இல்லையேல் காலியாக ஓட்டுங்கள். நுரைத் தொட்டி தனியாக இருந்து, அதில் பழைய நுரைத் திரவம் மிச்சம் இருந்தால் அதை வாய்க்காலில் கவிழ்த்துவிடாதீர்கள். எண்ணெய்த் தீக்கான பழைய நுரைகளில் மண்ணிலும் நீரிலும் மக்காத ஃப்ளோரின் வேதிப்பொருள்கள் உண்டு. விற்பவரே அதை எடுத்து அகற்றித் தர வேண்டும் என்று பேரத்திலேயே பேசிவிடுங்கள்.

இனி பம்ப். வண்டியின் உயிரும் அதுதான், விலையும் அதுதான். நிமிஷத்துக்கு 1,800 லிட்டர், சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தம் என்பது நம் ஊர் வண்டிகளில் பரவலாகக் காணும் அளவு. கணக்குப் போட்டால் 4,500 லிட்டர் தொட்டி இரண்டரை நிமிஷத்தில் காலி. அதனால்தான் வீரர்கள் எடுத்த உடனே பெரிய குழாயைத் திறப்பதில்லை. பக்கத்தில் சுருட்டி வைத்த மெல்லிய ரப்பர் குழாயில் ஆரம்பிப்பார்கள். தொட்டி தீர்ந்தால் குளத்திலோ கிணற்றிலோ உறிஞ்சு குழாயை இறக்க வேண்டும்.

கிணற்று மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றி எடுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும். சுழன்று தள்ளும் பம்ப்பால் காற்றை இழுக்க முடியாது. வண்டியில் அந்த வேலையைப் பிரைமர் என்ற சின்ன உறுப்பு செய்கிறது. காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும், அந்த இடத்துக்குத் தண்ணீர் மேலேறும். தண்ணீரை மேலே தள்ளுவது உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம். அதன் உச்ச வரம்பு கணக்குப்படி 10 மீட்டர் சொச்சம், நடைமுறையில் ஏழு, ஏழரை மீட்டர், அதாவது 25 அடிக்குள். இங்கேதான் கிணற்றிலிருந்து இழுக்கலாம் என்ற நண்பரின் திட்டத்தில் ஓட்டை விழுந்தது. அவர் கிணற்றில் சித்திரையில் தண்ணீர் 60 அடிக்குக் கீழே. எத்தனை பெரிய பம்ப்பை விளிம்பில் வைத்தாலும் ஒரு சொட்டு ஏறாது. அந்த வண்டியால் அவருக்குக் கிணறு பயன்படாது. தரைத்தொட்டி கட்டி, நீர்மூழ்கி மோட்டாரால் நிரப்பி, அதிலிருந்துதான் இழுக்க வேண்டும்.

பம்ப் நல்லதா என்று பார்க்கத் தண்ணீரே தேவையில்லை. எல்லா வாயையும் மூடிப் பிரைமரை ஓட்டி வெற்றிடம் பிடிக்க வேண்டும். அமெரிக்கத் தர விதியில் சொல்லும் அளவு எளிது: பாதரசக் கணக்கில் 22 அங்குலம் ஏற்றி நிறுத்தினால், 5 நிமிஷத்தில் 10 அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. எங்கள் வண்டியில் முள் 15 வரை ஏறி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்தது. விற்பவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. பாய் உறிஞ்சு வாயின் மூடியைக் கழற்றினார். உள்ளே வாஷர் அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது. வேறு வாஷர் போட்டு, கிரீஸ் தடவி மூடியதும் முள் 22இல் ஏறி நின்றது. இப்படிச் சின்ன வாஷரும் உண்டு. தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் கிளாண்டில் கசிவும் உண்டு, அதை அடைப்புக் கயிறு மாற்றிச் சரி செய்யலாம். வார்ப்பே வெடித்திருந்தால் மட்டும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். ஓடும்போது உள்ளே ஜல்லி கொட்டுவது போல் சத்தம் வந்தால், தண்ணீர் போதாமல் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) அரிக்கப்படுகிறது.

வெண்கல, அலுமினிய இணைப்புகளை எண்ணி எழுதி வாங்குங்கள். பார்க்க வந்த அன்று இருந்த இணைப்பும் மணியும் எடுக்கப் போகும் அன்று இருக்காது. பழைய இரும்புக் கடையில் அவற்றுக்குத் தனி விலை.

வாங்கிய பிறகு செலவைவிட நேரம்தான் அதிகம் கேட்கும். வாரத்துக்கு ஒரு நாள் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சும்மா உறும விடாமல், சூடு முழுசாக ஏறும்வரை பாரத்தில் ஓட்ட வேண்டும். ஐந்து நிமிஷம் ஓட்டி அணைத்தால் உள்ளே வியர்த்த ஈரம் ஆயிலில் தங்கிவிடும். அதற்கு ஓட்டாமல் இருப்பதே மேல். பம்ப்பைப் பத்து நிமிஷம் சுழற்றி, எல்லா வால்வையும் ஒரு தடவை திறந்து மூடி, ஏர் பிரேக்கின் காற்றுத் தொட்டியின் அடித் திருகைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடித்து, வண்டியை ஒரு முழம் முன்னே நகர்த்தி நிறுத்த வேண்டும். டயர் ஒரே இடத்தில் அமுங்காமல் இருக்கத்தான் அந்த ஒரு முழம். பம்ப் ஓடும்போது எல்லா வாயையும் மூடிவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. அதே தண்ணீர் உள்ளேயே கடைந்து கொதித்துவிடும். எங்காவது ஒரு சின்ன வாயைத் திறந்து வையுங்கள். பி.டி.ஓ. போடும் முன் கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது கட்டாயம். முடிந்ததும் காவிரிக் குடிநீரோ மழைநீரோ விட்டு அலசி வடித்துவிட வேண்டும். குழாய்களைத் தொங்கவிட்டுக் காயவைத்து, போன தடவை மடித்த மடிப்பிலேயே மடிக்காமல் சுருட்ட வேண்டும். ஷெட் கட்டும்போது ஏணியோடு சேர்த்து உயரத்தை அளந்துகொள்ளுங்கள். நண்பர் ஏணியை மறந்துவிட்டு அளந்தார்.

குழந்தைகள் கையில் பெரிய குழாயைக் கொடுக்காதீர்கள். 20 மில்லிமீட்டர் முனையில் 5 பார் அழுத்தம் வந்தாலே முப்பது கிலோவுக்கு மேல் பின்னுக்குத் தள்ளும். கை நழுவிய குழாயின் உலோக முனை பாம்பு மாதிரி சுழன்று அடிக்கும்.

கடைசியில் நண்பர் வாங்கினார். எஃப்.சி. இல்லாததால் ஓட்டி வர முடியாது. ரெக்கவரி வண்டியில் முன் சக்கரத்தைத் தூக்கி இழுத்து வந்தோம். விளக்கும் இல்லை, சைரனும் இல்லை, பின்பக்கம் சாய்ந்து தொங்கிக்கொண்டு வரும் வண்டிக்குக்கூட ஆற்காடு சாலையில் ஆட்டோக்கள் ஒதுங்கி வழி விட்டன. பாய் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, போங்க போங்க என்று எல்லோரையும் முன்னே அனுப்பிக்கொண்டே வந்தார்.

தோப்பில் நிறுத்தியதும் பக்கத்து நிலத்துக்காரர் கேட்டார்: “அண்ணே, எங்க வைக்கோல் போர் பத்திக்கிச்சுன்னா இனிமே உங்களைக் கூப்பிட்டா போதும்தானே?” நண்பர் என்னைப் பார்த்தார். முதலில் 101க்கோ 112க்கோ அடிக்கச் சொன்னேன். அவர்கள் வரும்வரை தள்ளி நின்று, சின்னக் குழாயில் பக்கத்துக் கூரையை நனைத்துக்கொண்டிருக்கலாம். அன்று சாயங்காலமே நண்பர் வண்டியை இடம் மாற்றி நிறுத்தினார். முதலில் அது தோப்பின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது; நிலையத்து வண்டி வந்தால் உள்ளே திரும்பும் அளவுக்கு இப்போது பதினைந்தடி விட்டிருக்கிறார்.